விடுதலைப் பத்திரம் விவாகரத்து ஆகுமா?

விவாகரத்து பற்றி வந்த கேள்விகளுக்குக் குடும்ப நல நீதிமன்றத்தில் நெடுங்காலம் வழக்காடிய ஒரு வழக்கறிஞர் பதில் சொல்கிறார். எல்லாம் இந்துத் திருமணச் சட்டம், 1955-இன்படி; மற்ற மதத்தவருக்கு விதிகள் வேறு.

நல்ல வழக்கறிஞரைத் தேடுவது எப்படி? இணையத்தில் ‘நம்பர் ஒன்’ என்று பலர் வருகிறார்களே? (வாசகி, திருப்பூர்)

வழக்கறிஞர் விளம்பரம் தேடக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. அதை மீறுபவர் உங்கள் வழக்கில் மட்டும் ஒழுங்காக நடப்பாரா? ஒருநாள் காலையில் உங்கள் ஊர்க் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் போய் நில்லுங்கள். வழக்கைக் கூப்பிட்டதும் ஆவணக் கட்டோடு உள்ளே போகிறவர் யார், ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறவர் யார் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். முதல் சந்திப்பில் உங்களைக் கேள்வி கேட்டுத் துளைப்பவர் நல்லவர். “மூன்றே மாதத்தில் முடித்துத் தருகிறேன்” என்பவரிடமிருந்து பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பதும் விதிமீறல்தான்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், பிரிந்துவிட்டதாக விடுதலைப் பத்திரம் எழுதி, நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிட்டோம். மறுமணம் செய்யலாமா? (வாசகர், தருமபுரி)

வேண்டாம் தம்பி. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். சில சமூகங்களின் வழக்கப்படியான விவாகரத்தை 29(2) பிரிவு ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டு என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

ஒரு பெண் என்னிடம் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாள். “இனி எனக்கும் உனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை” என்று ஒரு வரி, கீழே ஐந்து சாட்சிகள், ஒரு கைநாட்டு. பாலித்தீன் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு எட்டு ஆண்டுகள் வைத்திருந்தார். அது விவாகரத்து ஆகவில்லை. எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்றாகத் தாக்கல் செய்தோம். உங்கள் பத்திரத்தையும் கிழித்துவிடாதீர்கள்.

இருவருக்கும் சம்மதம். ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டுமா? (வாசகி, கோவை)

13பி பிரிவின்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகே மனு. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தாம்பத்தியம் இல்லையென்றால் அதுவும் பிரிவுதான். மனுவுக்குப் பின் ஆறு மாத அவகாசம் என்பது கட்டாயமல்ல என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகக் கேட்டவுடன் கிடைத்துவிடாது. மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும். சமரசம் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். நகையும் பணமும் எந்தத் தேதியில் கைமாறும் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். வாய்ச்சொல்லை நம்பியவர்கள் கடைசி வாய்தாவில் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கணவர் சென்னையில் வழக்குப் போட்டிருக்கிறார். நான் தென்காசியில் அம்மா வீட்டில் இருக்கிறேன், கையில் காசில்லை. சம்மனை வாங்காமல் இருந்துவிடலாமா? (வாசகி)

வாங்குங்கள் அம்மா. வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது. நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிடும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். வழக்கை உங்கள் பக்கம் மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வழக்குச் செலவும் இடைக்கால ஜீவனாம்சமும் கேட்க 24-ஆவது பிரிவு இருக்கிறது.

கட்டண பாக்கி என்று சொல்லிப் பழைய வக்கீல் என் வழக்குக் கட்டைத் தர மறுக்கிறார். (வாசகர், சேலம்)

பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை அவருக்கு இல்லை; 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பார் கவுன்சிலில் புகார்.

போராடித் தீர்ப்பு வாங்கிவிட்டேன். அடுத்த முகூர்த்தத்திலேயே திருமணம் வைக்கலாமா? (வாசகர், மதுரை)

மேல்முறையீட்டுக்கு 90 நாட்கள். அது கழிந்து, மறுதரப்பு மேல்முறையீடு செய்யவில்லை என்று தெரிந்த பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள்.