10 வினாடி அபராதம்: அப்பீலுக்கு 40,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஓட்டுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாவதாக வந்தான். முடிய இரண்டு சுற்று இருக்கும்போது, ஒரு திருப்பத்தில் உள்பக்கமாக முந்தப் போய், சக்கரத்தோடு சக்கரம் உரசியது. அடுத்த பையன் கார் ஒரு சுற்று சுழன்று, மறுபடி ஓடியது. சேதம் எதுவும் இல்லை. பரிசெல்லாம் கொடுத்த பிறகு கூப்பிட்டு, மோதலுக்குக் காரணம் இவன்தான் என்று 10 வினாடி சேர்த்துவிட்டார்கள். ஏழாம் இடம். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தோம். பேடாக்கில் (அணிகள் கார்களை வைத்திருக்கும் வளாகத்தில்) பழக்கமான ஒருவர், 40,000 ரூபாய் கொடுத்தால் வல்லுநர் ஒருவரிடம் வீடியோ அறிக்கை வாங்கி, அப்பீல் போட்டு, இடத்தை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். இரண்டு கார்களிலும் கேமரா இருந்தது. என்ன செய்யலாம்? — ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: பணம் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் மூன்றுமே நடக்காது. அப்பீல் போடும் நேரம் போய்விட்டது. போட்டிருந்தாலும் இந்த வகை அபராதத்துக்குப் பெரும்பாலும் அப்பீல் கிடையாது. வல்லுநர் அறிக்கையை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு ஒரு கதவு மட்டும் திறந்திருக்கலாம். அதற்கு நாள் கணக்கு உண்டு என்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முன்னதாகவே தனியாக அனுப்பிவிட்டேன். மற்ற பெற்றோருக்கும் உதவும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். திருப்பத்தில் நிற்கும் மார்ஷல் உரசலைப் பார்த்து ரேஸ் கன்ட்ரோல் என்ற கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறார். பந்தயத்தை நடத்தும் அதிகாரி அதை ஸ்டூவர்டுகளிடம் அனுப்புகிறார். ஸ்டூவர்டுகள் என்பவர்கள்தான் அங்கே நீதிபதிகள். இரண்டு ஓட்டுநர்களையும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், இருக்கும் வீடியோவைப் பார்க்கிறார்கள், ஒரு தாளில் முடிவை எழுதுகிறார்கள். உலகில் பெரும்பாலான இடங்களில் இதே நடைமுறைதான். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பு அடித்தளம். நம் நாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் விதிகளும் அதன்மேல் கட்டியவைதான்.

'சேதமே இல்லையே, பிறகு எதற்கு அபராதம்' என்று நீங்கள் கேட்கலாம். அபராதம் சேதத்துக்கு அல்ல, செயலுக்கு. 2021-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்த எஃப்1 (ஃபார்முலா 1) பந்தயத்தில் ஹாமில்டன் தொட்டதில் வெர்ஸ்டாப்பனின் கார் பறந்துபோய்த் தடுப்பில் மோதியது. 51ஜி தாக்கம், அதாவது புவியீர்ப்பைப்போல் 51 மடங்கு. வெர்ஸ்டாப்பன் ஆஸ்பத்திரி வரைக்கும் போனார். ஹாமில்டனுக்குக் கிடைத்தது 10 வினாடி. அந்தத் தண்டனையை அனுபவித்துவிட்டு அந்தப் பந்தயத்தையே ஜெயித்தார். அவ்வளவு பெரிய மோதலுக்கும் 10, உங்கள் பையன் உரசியதற்கும் 10. கேட்க நியாயமில்லாததுபோல் இருக்கும். ஆனால் ஸ்டூவர்டு கேட்பது, திருப்பத்தின் உள்முனைக்கு வரும்போது உள்ளே நுழைந்த கார் எவ்வளவு தூரம் பக்கத்தில் வந்திருந்தது என்ற ஒரே கேள்விதான். எஃப்1 ஸ்டூவர்டுகளுக்கு இப்போது ஒரு வழிகாட்டிக் குறிப்பு இருக்கிறது: உள்ளே நுழைபவரின் முன் அச்சு, அடுத்தவரின் பக்கக் கண்ணாடிக்கு நேராகவாவது வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அவருக்கு இடம் விட வேண்டும். வராமல் நடுவில் மூக்கை நுழைத்திருந்தால் தப்பு நுழைந்தவருடையது. அது எஃப்1-க்கான குறிப்பு, உங்கள் தொடரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எங்கும் மனசுக்குள் ஓடும் அளவுகோல் அதுதான்.

அடுத்து, இந்த 10 வினாடி எப்படிப்பட்டது. பந்தயம் ஓடும்போது கொடுக்கும் தண்டனைகள் சில: பிட் லேன் (பந்தயப் பாதைக்குப் பக்கத்தில், கார்கள் நின்று டயர் மாற்றும் வழி) வழியாக மெதுவாகப் போய் வருவது, பிட்டில் நிறுத்தி வைப்பது, நேரம் சேர்ப்பது. பந்தயம் முடிந்துவிட்டால் பிட் லேனுக்குப் போகச் சொல்ல முடியாது. அதற்கு ஈடாக மொத்த நேரத்தில் வினாடிகளைக் கூட்டிவிடுவார்கள். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கே இது நடந்தது. 2012 மலேசிய கிராண்ட் பிரீ என்ற எஃப்1 பந்தயத்தில் இன்னொரு ஓட்டுநரான வெட்டலோடு உரசியதில் வெட்டலின் பின் டயர் கிழிந்தது. பந்தயம் முடிந்த பிறகு நரேனுக்கு 20 வினாடி கூட்டினார்கள். பிட் லேன் வழியே ஒருமுறை போய் வருவதற்கு ஈடான கணக்கு அது.

இந்த வகைத் தண்டனைகளைச் சர்வதேச விதித்தொகுப்பே அப்பீலுக்கு வெளியே வைத்திருக்கிறது: பிட் லேன் தண்டனைகள், அப்புறம் அந்தந்தத் தொடரின் விதிப் புத்தகம் அப்பீல் கிடையாது என்று பெயர் சொல்லிக் குறித்தவை. எஃப்1-இல் 5, 10 வினாடிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் தொடரின் விதிப் புத்தகத்தில் தண்டனைகள் பகுதியைத் திறந்து, நேர அபராதத்துக்குப் பக்கத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்பீலுக்கு இடமுள்ள தண்டனையாகவே இருந்தாலும், அப்பீல் செய்யப் போகிறோம் என்று ஸ்டூவர்டுகளிடம் எழுத்தில் சொல்ல உங்களுக்கு இருந்தது ஒரு மணி நேரம். முடிவு வெளியானதிலிருந்து ஒரு மணி நேரம். ஞாயிறு மாலையே அது முடிந்துவிட்டது. இங்கேதான் எனக்குத் தீராத கோபம்.

அந்த அறையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பையன் ஓவர்ஆலை இடுப்பில் கட்டிக்கொண்டு, வியர்வை காயாமல், கையில் ஹெல்மெட்டோடு நிற்பான். மேசைமேல் ஒரு தாள். முழுக்க இங்கிலீஷ். கார் எண், விதி எண், 'மோதலுக்குக் காரணமானார்', 10 வினாடி. எந்தத் திருப்பம், என்ன பார்த்து முடிவு செய்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. அடியில் கையெழுத்து, பக்கத்தில் மணி. அப்பாவுக்கு அந்தத் தாள் புரியாது. கையெழுத்துப் போட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்து சிலர் போடாமல் வந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று மூட்டை கட்டுகிறார்கள். இரண்டும் தவறு. அது பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து, அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் எழுதுகிற அந்த மணி முக்கியம். கடிகாரம் அப்போதிலிருந்து ஓடுகிறது. 18 வயது நிரம்பாத பையனிடம் இதைத் தமிழில் இரண்டு வாக்கியத்தில் சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனாலும் சொல்வதில்லை. வருஷக்கணக்காக இதைச் சொல்லிவிட்டேன். தாள் மாறவில்லை. ஸ்டூவர்டுகள் பந்தயத்துக்குப் பந்தயம் மாறுகிறார்கள். இந்த மாதம் 5 வினாடி வாங்கிய உரசல் அடுத்த மாதம் 10 ஆகிறது. ஏன் என்று எழுதி வைக்காததால் யாராலும் ஒப்பிட்டுக் கேட்க முடிவதில்லை.

இந்த இருட்டில்தான் அந்த 40,000 ரூபாய்க்காரர்கள் பிழைக்கிறார்கள். ஒவ்வொரு பேடாக்கிலும் ஒருவராவது இருப்பார். அணிக்காரர் மாதிரியும் தெரியும், அதிகாரி மாதிரியும் தெரியும். என்ட்ரி ஃபார்மில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது. ஸ்டூவர்டை அவர், இவர் என்று சொல்லாமல் பெயர் சொல்லி அழைப்பார். சில வருஷத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பம், இப்படி ஒருவரிடம் பணம் கொடுத்திருந்தது. அவர் செய்தது என்ன தெரியுமா? காலக்கெடு முடிந்து மூன்றாம் நாள் ஒரு கடிதம். அதில் மூன்று அணிகள் சேர்ந்து கையெழுத்து. கூட்டாகப் போடும் புரொடெஸ்ட் (எதிர்ப்பு மனு) செல்லாது என்பது விதியின் அரிச்சுவடி. கட்டணமும் கட்டவில்லை. கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பியது. பணம் திரும்பவில்லை. தேதியை முன்னதாகப் போட்டுக் கடிதம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அதில் போகப்போவது உங்கள் மகனின் லைசென்ஸ்.

புரொடெஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வேறு. இன்னொரு போட்டியாளரின் காரையோ தற்காலிக முடிவுப் பட்டியலில் உள்ள தவறையோ எதிர்த்துப் போடுவது. முடிவுப் பட்டியல் ஒட்டிய 30 நிமிடத்துக்குள், எழுத்தில், கட்டணத்தோடு. ஸ்டூவர்டு கொடுத்த தண்டனைக்கு அது பொருந்தாது.

இனி அந்த வல்லுநர் வீடியோ அறிக்கை. இதற்கு நேரடியான உதாரணமே இருக்கிறது, அதில் நம்மூர்ப் பெயரும் இருக்கிறது. 2019 கனடா கிராண்ட் பிரீயில் வெட்டல் புல்லில் இறங்கி, மறுபடி பாதைக்கு வரும்போது ஹாமில்டனுக்கு இடம் விடவில்லை என்று 5 வினாடி. முதலில் கோட்டைத் தாண்டியவர் வெட்டல், ஜெயித்தவர் ஹாமில்டன். வெட்டலின் அணியான ஃபெராரி முதலில் அப்பீல் என்றது. இந்த வகைத் தண்டனைக்கு அப்பீல் இல்லை என்பதால் அதைக் கைவிட்டு, மறுபரிசீலனை கேட்டது. புதிய சாட்சியங்களாகக் கொடுத்தவற்றில் ஒன்று, சென்னைக்காரரான கருண் சந்தோக் டிவியில் அந்தச் சம்பவத்தை அலசிய வீடியோ. எஃப்1 ஓட்டியவர், நன்றாகவே அலசுபவர். ஸ்டூவர்டுகள், இது வெளியாள் ஒருவரின் சொந்தக் கருத்து, பொருட்படுத்தத் தக்க புதிய சாட்சியம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஃபெராரி கொண்டுபோன கருண் சந்தோக்குக்கே அந்த நிலை. உங்கள் 40,000 ரூபாய் வல்லுநரின் அறிக்கைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, திறந்திருக்கும் கதவு எது? அந்த மறுபரிசீலனைதான். இதைப் பலர் அப்பீலோடு போட்டுக் குழப்புகிறார்கள். அப்பீல் என்பது மேலே இன்னொரு நீதிமன்றத்துக்குப் போவது. மறுபரிசீலனை என்பது, முடிவெடுத்த ஸ்டூவர்டுகளிடமே, 'அன்று உங்கள் முன்னால் இல்லாத ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது, பாருங்கள்' என்று கேட்பது. அப்பீல் இல்லாத அபராதத்துக்கும் இதைக் கேட்கலாம். ஆனால் கொண்டுபோகும் பொருள் புதிதாக இருக்க வேண்டும். முடிவை மாற்றும் அளவு கனமாக, சம்பவத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். முக்கியமாக, விசாரணை நேரத்தில் உங்கள் கைக்குக் கிடைக்க வழியில்லாததாக இருக்க வேண்டும். மகன் பையிலேயே இருந்த கேமரா மெமரி கார்டை அன்று காட்ட மறந்துவிட்டோம் என்றால் இந்தக் கடைசிப் படியிலேயே விழுந்துவிடும்.

பெரும்பாலும் தள்ளுபடிதான் ஆகும். அதற்காகக் கதவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2023-இல் சவூதியின் ஜெட்டாவில் நடந்த எஃப்1 பந்தயத்தில் அலோன்சோ மூன்றாவதாக வந்து மேடை ஏறிய பிறகு 10 வினாடி கூட்டி அந்த இடத்தைப் பறித்தார்கள். 5 வினாடித் தண்டனையை பிட்டில் கழிக்கும்போது காரைத் தூக்கும் பின்பக்க ஜாக் காரைத் தொட்டது, அதனால் ஒழுங்காகக் கழிக்கவில்லை என்று காரணம். அவர் அணியான ஆஸ்டன் மார்ட்டின், இதேபோல ஜாக் தொட்டும் தண்டிக்கப்படாத ஏழு சம்பவங்களின் வீடியோவைக் கொண்டுபோய் வைத்தது. அன்று இரவே மூன்றாம் இடம் திரும்பியது.

உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமானது நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் நடந்த 2025 எஃப்1 பந்தயம். லாசனோடு முதல் திருப்பத்தில் உரசியதற்காக சைன்ஸுக்கு 10 வினாடியும், லைசென்ஸில் இரண்டு தண்டனைப் புள்ளியும் போட்டார்கள். பிறகு சைன்ஸின் வில்லியம்ஸ் அணி, சைன்ஸ் காரின் 360 டிகிரி கேமரா, லாசன் காரின் பின்பக்கக் கேமரா இரண்டின் பதிவையும் கொண்டுவந்தது. விசாரணையின்போது யாருக்கும் கிடைக்காத பதிவுகள் அவை. இதைப் பார்த்த ஸ்டூவர்டுகள், யார் மேலும் முழுத் தவறு இல்லை, பந்தயத்தில் நடக்கும் உரசல்தான் என்று மாற்றினார்கள். புள்ளிகள் நீங்கின. ஆனால் 10 வினாடியை சைன்ஸ் பந்தயத்திலேயே கழித்துவிட்டதால் இடம் திரும்பவில்லை. உங்கள் மகனுக்கு அபராதம் பந்தயம் முடிந்தபின் கூட்டியது, வெறும் கணக்கு. முடிவு மாறினால் அந்தக் கணக்கை அழிக்க வழி இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது அடுத்த பையன் காரின் கேமரா. உங்கள் மகன் காரின் பதிவை ஸ்டூவர்டுகள் அன்றே பார்த்திருந்தால் அது பழையது. அடுத்த காரின் பதிவைப் பார்த்தார்களா என்று மகனிடம் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், அந்தப் பையனின் அப்பாவிடம் நீங்களே, கோபமில்லாமல், நேரில் கேளுங்கள். கொடுக்க அவருக்குக் கடமை இல்லை. ஆனாலும் சண்டைக்குப் போகாமல் கேட்டால் கொடுக்கும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். கிடைத்ததும் நீங்களும் மகனும் உட்கார்ந்து, உள்முனைக்கு வரும் அந்த ஒரு நொடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன் சக்கரம் கண்ணாடிக்கு நேராக வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஸ்டூவர்டுகள் சொன்னது சரி. வந்திருந்தால் ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தப் பந்தயம், எந்த முடிவு, என்ன புதிய பதிவு, அது அன்று ஏன் கிடைக்கவில்லை. கூடவே பதிவு, விதிப் புத்தகத்தில் சொன்ன கட்டணம். யார் பெயரில் என்ட்ரி போட்டீர்களோ அவர் கையெழுத்து. மகனுக்கு நடந்தது அநியாயம் என்று பத்து வரி எழுத வேண்டாம். அதைப் படிக்க மாட்டார்கள்.

கடைசித் தேதியை விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது பந்தயச் செயலாளரிடம் போனில் கேட்டு, அவர் சொன்னதை ஒரு மெசேஜாகவும் அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை மகன் காரின் மெமரி கார்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு அதே கார்டைப் போட்டால் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும்.