மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

பேச்சோ நடையோ தாமதமாகும் குழந்தைகளுக்கு அமெரிக்காவில் மூன்று வயது வரை கிடைக்கும் எர்லி இன்டர்வென்ஷன் என்கிற அரசு உதவித் திட்டம் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒன்றைத்தான் கேட்கின்றன: குழந்தைக்கு மூன்று வயதானதும் என்ன ஆகும்? அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு இரண்டு வயது ஐந்து மாதம். வாரம் இரண்டு நாள் ஸ்பீச் தெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், அவரோடு நன்றாக ஒட்டிக்கொண்டான். போன வாரம் சேவைகளை ஏற்பாடு செய்து தரும் எங்கள் சர்வீஸ் கோஆர்டினேட்டர் ‘டிரான்சிஷன் மீட்டிங்’ என்று ஏதோ சொன்னார். மூன்று வயதில் எல்லாம் நின்றுவிடுமா? இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர்.
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வீட்டுக்கு வரும் சேவை மூன்றாவது பிறந்தநாளோடு முடிந்துவிடும், அது உண்மை. மேரிலாந்து போன்ற சில இடங்களில் பெற்றோர் விரும்பினால் அதை நீட்டிக்க வழி உண்டு, பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. அதற்காகத் தெரபியே நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம், அதைக் கொடுக்கும் பொறுப்பு உங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாறுகிறது. ஆனால் தானாக மாறாது. பள்ளி தன் பங்குக்குக் குழந்தையைப் புதிதாகப் பரிசோதித்து, தகுதி உண்டு என்று முடிவு செய்து, ஐ.இ.பி. என்கிற கல்வித் திட்டத்தை எழுதி, அதற்கு நீங்கள் சம்மதம் கொடுத்த பிறகுதான் அங்கே எதுவும் ஆரம்பிக்கும்.

உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பள்ளிக்கு மாறுவதைத் திட்டமிடும் டிரான்சிஷன் மீட்டிங் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்னால் நடக்க வேண்டும், எல்லோரும் ஒத்துக்கொண்டால் ஒன்பது மாதம் முன்னாலேயேகூட வைக்கலாம், அதாவது உங்கள் பையனுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே திறந்துவிட்டது. நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பரிசோதனையை முடிக்க மத்தியச் சட்டம் பள்ளிக்குத் தருவது 60 நாள், மாநிலம் தனியாக ஒரு கெடு வைத்திருந்தால் அந்தக் கெடு. தகுதி உண்டு என்று முடிவானபின் ஐ.இ.பி. கூட்டம் நடத்த இன்னும் 30 நாள். கூட்டினால் 90 வந்துவிட்டது. கடைசித் தேதியில் ஆரம்பித்தால் நடுவில் குழந்தைக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால்கூடத் தாங்காது. பிறந்தநாளுக்குள் ஐ.இ.பி. தயாராக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதுதான், ஆனால் தாமதமானால் அந்த வாரங்களில் தெரபி இல்லாமல் இருக்கப்போவது உங்கள் பிள்ளை. ஆகவே இந்த வாரமே கோஆர்டினேட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி மீட்டிங் தேதி கேளுங்கள். போனில் பேசினாலும் பேசி முடித்ததும் இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இருந்தால்தான் எந்தத் தேதியில் என்ன கேட்டீர்கள் என்று பிறகு காட்ட முடியும்.

இன்னொன்று முக்கியம். இதுவரை உங்களுக்கு இருந்தது ஐ.எஃப்.எஸ்.பி. என்கிற எர்லி இன்டர்வென்ஷன் திட்டம், அதில் நடுவில் இருக்கும் எஃப் குடும்பத்தைக் குறிப்பது. வீட்டில் அம்மாவுக்கு என்ன கஷ்டம், சாப்பாட்டு நேரம் எப்படிப் போகிறது என்பதெல்லாம் அந்தத் திட்டத்துக்குள் வரும். ஐ.இ.பி.யில் குடும்பத்துக்கான எழுத்து கிடையாது, அது முழுக்கக் குழந்தையின் படிப்பைச் சுற்றியது. ‘இந்தக் குறைபாடு பள்ளியில் இவன் கற்றுக்கொள்வதைத் தடுக்கிறதா, அதற்குத் தனிக் கல்வி தேவையா’ என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் கூட்டத்தில் பேசும்போது ‘வீட்டில் ரொம்ப அடம்’ என்று நிறுத்தாதீர்கள். மற்ற குழந்தைகளோடு விளையாட வார்த்தை இல்லாததால் கையைக் கடிக்கிறான், வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுகிறான் என்று வகுப்பறையில் நடக்கக்கூடியதைச் சொல்லுங்கள்.

என் மூத்தவனுக்கு நடந்த முதல் ஐ.இ.பி. கூட்டத்தில் மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள், அன்பாகப் பேசினார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்தவள் நான், தலையாட்டிக்கொண்டே இருந்தேன், கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, வாரம் இரண்டு முறை தனியாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஸ்பீச் தெரபி வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், நான்கு குழந்தைகளோடு சேர்த்து என்று ஆகியிருந்தது. அதை மாற்ற ஐந்து மாதம் ஆனது. அந்த மேசையில் நாம் விருந்தாளி இல்லை, பெற்றோரும் அந்தக் குழுவின் உறுப்பினர் என்று சட்டமே சொல்கிறது. வாரத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, வகுப்புக்குள்ளா வெளியிலா என்ற நான்கையும் காகிதத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்’ என்று சொல்வது மரியாதைக் குறைவே இல்லை. பரிசோதனைக்குப் போடும் கையெழுத்து சேவைக்கான சம்மதம் ஆகாது, அது வேறு, இது வேறு. உங்கள் கோஆர்டினேட்டரையும் முதல் ஐ.இ.பி. கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லிக் கேட்கலாம். பிள்ளையைப் பார்த்துப் பழகிய ஒருவர் நம் பக்கம் உட்கார்ந்திருப்பதே தைரியம் கொடுக்கும்.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஜூன் 20 அன்று மூன்று வயது. அப்போது பள்ளி விடுமுறை. ஆகஸ்ட் வரை தெரபி இல்லாமல் இருக்க வேண்டியதுதானா?
– வாசகர், டெக்ஸஸ்

பதில்: கோடையில் பிறந்தாலும் ஐ.இ.பி. பிறந்தநாளுக்குள் எழுதி முடிக்கப்பட வேண்டும், ‘ஸ்கூல் திறக்கட்டும், பேசிக்கொள்ளலாம்’ என்று யாரும் தள்ளிப்போட முடியாது. ஆனால் சேவை எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை ஐ.இ.பி. எழுதும் குழுதான் தீர்மானிக்கும், உங்கள் மாநிலத்தில் அதை ஏ.ஆர்.டி. கமிட்டி என்பார்கள். கோடையிலும் தர வேண்டும் என்றால் விடுமுறையிலும் சேவை தரும் ‘எக்ஸ்டெண்டட் ஸ்கூல் இயர்’ பற்றிக் கூட்டத்தில் நீங்களே பேச்சை எடுங்கள். இடைவெளி விட்டால் கற்றதை இழக்கிறாளா என்பதை அங்கே முக்கியமாகப் பார்ப்பார்கள். நீங்கள் ஊருக்குப் போன மூன்று வாரத்திலோ தெரபிஸ்ட் விடுப்பில் இருந்தபோதோ அவள் விட்டுவிட்ட வார்த்தைகள் ஏதாவது இருந்தால் தேதியோடு குறித்து எடுத்துப் போங்கள். மே மாதக் கடைசியில் பள்ளி ஊழியர்கள் கலைந்துவிடுவார்கள், எனவே கூட்டத்தை ஏப்ரலில் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஹெச்-1பி விசாவில் இருக்கிறோம். இதற்கெல்லாம் தகுதி உண்டா, பணம் கட்ட வேண்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: உண்டு. விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எர்லி இன்டர்வென்ஷனில் சில மாநிலங்கள் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கியிருக்கலாம், பள்ளியின் ஐ.இ.பி.யில் எழுதியிருக்கும் எதற்கும் பெற்றோர் காசு கொடுக்க வேண்டாம். ஐ.இ.பி.யில் பஸ் என்று எழுதினால் பஸ்ஸும் இலவசம். டயப்பர் விடாத குழந்தையைச் சேர்ப்பார்களா என்று கேட்ட இன்னொரு வாசகிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஐ.இ.பி. உள்ள குழந்தைக்கு டயப்பரைக் காரணம் காட்டிப் பள்ளி சேவையை மறுக்க முடியாது.

கேள்வி: அம்மா, நான் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் பாட்டி. பேத்திக்கு இரண்டே முக்கால் வயது, ஏழெட்டு வார்த்தைதான் பேசுகிறாள். வீட்டில் தமிழ் பேசுவதால்தான் குழப்பம், ஸ்கூலில் சேர்க்குமுன் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று யாரோ சொல்ல, மகனும் மருமகளும் தமிழை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் நான் குழந்தையோடு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். என் மகனும் மூன்று வயதில்தான் பேசினான், இதற்கெல்லாம் ஸ்கூலில் எழுதிக்கொடுக்க வேண்டுமா?
– பாட்டி, கலிஃபோர்னியா

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்து ரொம்ப நேரம் மனசு ஆறவில்லை. அம்மா, இன்றைக்கே பேச ஆரம்பியுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை, ஏற்கெனவே தாமதம் உள்ள குழந்தைக்கும் இரண்டாவது மொழி கெடுதல் செய்வதில்லை. பேச்சுத் துறையில் இருப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். குழந்தைக்கு வேண்டியது தடையில்லாமல், சரளமாக, அன்போடு பேசும் ஆள். நீங்கள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ‘இது நீளமா இருக்கு, இது குட்டியா இருக்கு’ என்று சொல்வது அவளுக்கு மொழிப் பாடம்தான். யோசித்து யோசித்து இரண்டு சொல்லில் முடியும் பேச்சு அந்த இடத்தை நிரப்பாது.

மகனிடமும் சொல்லுங்கள்: பள்ளியின் பரிசோதனைக்கு முன்னால் தமிழை மறைப்பது குழந்தைக்கு நஷ்டம். எந்த மொழியில் சோதித்தால் குழந்தைக்குத் தெரிந்தது சரியாக வெளிப்படுமோ அந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது, முடியவே முடியாத சூழ்நிலைக்குத்தான் விலக்கு. தமிழ் தெரிந்த பரிசோதகர் கிடைப்பது அபூர்வம், அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும். பெற்றோருக்கும் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்க உரிமை உண்டு. ‘சிட்’ என்றால் முழிக்கிற குழந்தை ‘உக்காரு’ என்றதும் உட்காருகிறாள் என்றால், அவளுக்குப் புரியவில்லை என்று எழுதுவது தப்பல்லவா? வார்த்தைகளை எண்ணும்போதும் தமிழில் ‘பால்’, ‘வா’, ‘வேணாம்’, இங்கிலீஷில் ‘பை’, ‘மோர்’ எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அதே சமயம் மறுபக்கமும் இருக்கிறது. உண்மையான தாமதம் இரண்டு மொழியிலும் தெரியும். ‘ரெண்டு மொழி, அதான் லேட்டு’ என்று பள்ளியே சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், ‘அப்பா மாதிரி’ என்று விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் மகன் தானாகப் பேசியது நல்ல விஷயம், ஆனால் இவளும் அப்படியே பேசிவிடுவாளா என்று இரண்டே முக்கால் வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தெரபி கிடைத்து, பிறகு தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம், காத்திருந்து போன மாதங்களைத் திரும்ப வாங்க முடியாது. எழுதிக்கொடுக்கத்தான் வேண்டும், அவள் வயதுக்கு அதை உடனே செய்யச் சொல்லுங்கள். உங்கள் மாநிலத்தில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் ரீஜனல் சென்டர் வழியாகச் சேவை வாங்கிக்கொண்டிருந்தால், மூன்று வயதுக்குப் பிறகு அவர்களிடமும் தொடரத் தகுதி உண்டா என்று தனியாகக் கேட்கச் சொல்லுங்கள், பள்ளியின் முடிவும் அவர்கள் முடிவும் வெவ்வேறு.

கேள்வி: பள்ளி பரிசோதித்துவிட்டு ‘தகுதி இல்லை’ என்று சொல்லிவிட்டது. எர்லி இன்டர்வென்ஷனில் தகுதி இருந்த குழந்தைக்கு ஒரே நாளில் எப்படி இல்லாமல் போகும்?
– வாசகி, இல்லினாய்

பதில்: கோபம் நியாயம்தான். 1975-இல் குறைபாடு உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த சட்டத்தை 1986-இல் திருத்தியபோது கைக்குழந்தைகளுக்கான பகுதியைத் தனியாகச் சேர்த்தார்கள், மூன்று வயதுக்கு மேல் பள்ளியின் பகுதி. இரண்டுக்கும் அளவுகோல் வேறு, அதனால் குழந்தை மாறாமலே முடிவு மாறலாம்.

முதலில் அந்த முடிவைக் காரணங்களோடு எழுத்தில் வாங்குங்கள், அதைத் தர வேண்டியது அவர்கள் கடமை. பரிசோதனை அறிக்கையின் நகலையும் வாங்கி, எந்தெந்தச் சோதனை, எந்த மொழி, குழந்தை அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்தாளா என்று வரி வரியாகப் பாருங்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றால் பள்ளியின் செலவில் வெளியாளை வைத்துத் தனிப் பரிசோதனை கேட்கலாம். பள்ளி ஒன்று அதற்குச் செலவு செய்ய வேண்டும், இல்லை தங்கள் பரிசோதனை சரிதான் என்று விசாரணைக்குப் போய் நிரூபிக்க வேண்டும். மத்தியஸ்தம், முறையீடு என்ற வழிகளும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோருக்கு வழிகாட்டும் பேரன்ட் டிரெயினிங் அண்ட் இன்ஃபர்மேஷன் சென்டர் குறைந்தது ஒன்று இருக்கிறது, இலவசமாக உதவுவார்கள், வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் அங்கே போன் செய்யுங்கள். இதெல்லாம் நடக்கும்போதே வேறு வழியும் பாருங்கள், காப்பீட்டில் ஸ்பீச் தெரபி கிடைக்கலாம். வருமானம் குறைவான குடும்பம் என்றால் ஹெட் ஸ்டார்ட் என்கிற இலவச முன்பள்ளித் திட்டத்தில் விசாரியுங்கள், அவர்கள் சேர்க்கும் குழந்தைகளில் குறைந்தது 10 சதவீதம் குறைபாடு உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

கேள்வி: எல்லாம் முடிந்து அடுத்த மாதம் ப்ரீஸ்கூல். ஆனால் என் மகன் என்னை விட்டு ஒரு மணி நேரம் இருந்ததில்லை, கேட்கத் தெரியாது, சொல்லத் தெரியாது. நினைத்தாலே தூக்கம் வரவில்லை.
– வாசகி, வட கரோலினா

பதில்: அந்தத் தூக்கமில்லாத இரவுகளை நானும் கடந்திருக்கிறேன். முடிந்தால் முதல் நாளுக்கு முன் அவனை வகுப்புக்கு ஒரு தடவை கூட்டிப்போகப் பள்ளியில் கேளுங்கள். டீச்சர், வாசல், கழிப்பறை, அவன் பை மாட்டும் கொக்கி என்று நான்கைந்து போட்டோ எடுத்துத் தினமும் ராத்திரி அவனோடு பாருங்கள். பையையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு தெரு முனை வரை நடந்து வாருங்கள். போகும்போது சொல்லாமல் நழுவாதீர்கள், ஒரே வார்த்தை, ஒரே முத்தம், தினமும் அதேபோல.

அப்புறம் உட்கார்ந்து டீச்சருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். அவன் என்ன சொன்னால் என்ன அர்த்தம் என்று இங்கிலீஷ் எழுத்தில், பக்கத்தில் பொருளோடு. ‘ண்ணி’ என்றால் தண்ணீர். ‘மம்மு’ என்றால் பசி. ‘ஊச்சா’ என்றால் உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும். ‘தூக்கு’ என்று கையை நீட்டினால் பயந்திருக்கிறான், கீழே குனிந்து அவன் உயரத்துக்கு வந்தால் போதும். காதைப் பொத்தினால் சத்தம் தாங்கவில்லை. என் மகனின் டீச்சர் அந்தக் காகிதத்தைக் குழாய்க்கு மேலே ஒட்டி வைத்திருந்தார், இரண்டாவது வாரம் நான் அழைத்துவரப் போனபோது வகுப்பில் உதவிக்கு இருந்த அம்மா அவனைப் பார்த்து ‘ண்ணி?’ என்று கேட்டார், இவன் கோப்பையை நீட்டினான்.