கல்லட்டிக்கு எந்த சைக்கிள், எந்தப் பெடல்?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 42, எடை 74 கிலோ. மூன்று வருடமாக, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஹைபிரிட் சைக்கிளில் வாரம் 150 கிலோமீட்டர் ஓட்டுகிறார், எல்லாம் சமவெளிச் சாலை. டூர் ஆஃப் நீல்கிரிஸ் போன்ற ஒரு மலைப் பயணத்தில் கலந்துகொள்ள ஆசை. கடையில் கார்பன் ஃபிரேம் ரேஸ் சைக்கிள் ஒன்றைத் தள்ளுபடியில் தருகிறார்கள்: கியரில் முன்னால் 52/36 பல், பின்னால் 11 முதல் 28 பல், சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக். அதே விலைக்கு அலுமினிய ஃபிரேம், 50/34, 11-34, டிஸ்க் பிரேக் உள்ள இன்னொன்றும் இருக்கிறது, ஆனால் 1.2 கிலோ அதிகம். "மலைக்கு எடை குறைந்ததுதானே நல்லது? காலைப் பெடலில் பூட்டிக்கொண்டு வளைவில் விழுந்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது" என்கிறார்.

அலுமினிய சைக்கிளை வாங்குங்கள்.

எடையை முதலில் பேசிவிடுவோம், கடைகளில் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான் நடக்கிறது. ஏற்றத்தில் உங்கள் கால் தூக்குவது சைக்கிளை மட்டுமா? நீங்கள், ஷூ, ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், சைக்கிள் எல்லாம் சேர்ந்து 87 கிலோ அளவில் வரும். அதில் 1.2 கிலோ என்பது 1.4 சதவீதம். அதே பலத்தோடு மிதித்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது 50 வினாடி. பந்தயத்தில் பிழைப்பு நடத்துகிறவருக்கு அது பெரிய விஷயம். அவர்களுக்கே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. உங்களுக்கு 50 வினாடி என்பது ஓரமாக நின்று தண்ணீர் குடிக்கிற நேரம்.

கியர் விஷயம் அப்படி இல்லை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பல இடங்களில் ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டும், அதாவது 100 மீட்டர் போவதற்குள் 10 மீட்டர் உயரம். ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர்கூட அங்கே மணிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவார். 7.5 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ரோடு சைக்கிளின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 2.1 மீட்டர் நகரும். முன்னால் 36 பல், பின்னால் 28 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு 2.7 மீட்டர், நிமிடத்துக்கு 46 சுற்றுதான் சுற்ற முடியும். 34-க்கு 34 போட்டால் கால் 60 சுற்று சுற்றும். மொத்த உழைப்பு இரண்டிலும் ஒன்றே. ஆனால் 46 சுற்றில் ஒவ்வொரு மிதிக்கும் 30 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் தொடைக்கும் முழங்காலுக்கும்தான் போகிறது, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

இதை நான் உடம்பால் கற்றுக்கொண்டேன். கொல்லிமலையின் 70 வளைவுகளை முதல் தடவை ஏறியபோது என் சைக்கிளில் இருந்த மிக லேசான கியர் 39-க்கு 25. மேலே போய்ச் சேர்ந்தேன். அப்புறம் ஆறு வாரம் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் வலது முழங்கால் வலித்தது. அதே மலையை 34-க்கு 32 போட்டு ஏறிய நாளில்தான் சுற்றியிருந்த காட்டையே பார்த்தேன்.

கார்பன்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், கேசட்டை, அதாவது பின்சக்கரப் பல்சக்கரக் கொத்தை, மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். அதற்கு முன் பின்பக்க டெரெயிலரைப் பாருங்கள், கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பொறி அது. செயினைத் தாங்கும் கூண்டு குட்டையாக உள்ளவை பெரும்பாலும் 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். 34 போட வேண்டுமென்றால் நீளக் கூண்டு டெரெயிலர், புதுச் செயின், முன்னால் 50/34 என்று செலவு ஏறிக்கொண்டே போகும். தள்ளுபடியில் மிஞ்சிய பணம் அதிலேயே கரைந்துவிடும்.

ஃபிரேமின் வடிவத்தையும் பாருங்கள். ஜெயன்ட் நிறுவனத்தின் டிசிஆர் ரேஸுக்கானது, டிஃபை நீண்ட தூரத்துக்கானது. டிரெக் நிறுவனத்தின் டொமேனும் டிஃபை ரகம். இந்த இரண்டாவது வகையில் ஹேண்டில்பார் சற்று உயரமாக இருக்கும். ஹைபிரிடிலிருந்து வருகிற முதுகுக்கு அதுதான் பழகும். சைஸ் பொருந்தாவிட்டால் எந்த ஃபிரேமும் வேண்டாம். இதில் சமரசமே செய்யாதீர்கள்.

ஏறினால் இறங்கவும் வேண்டும். நீண்ட இறக்கத்தில் ரிம் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும் அபாயம் உண்டு. கார்பன் ரிம்மில் ரிம்மே கெட்டுப்போகலாம். மூடுபனியில் நனைந்த ரிம் உடனே பிடிப்பதும் இல்லை. டிஸ்க் பிரேக் இதில் தெளிவாக மேல். அதிலும் விடாமல் அழுத்தாதீர்கள். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விடுங்கள். டயர் 28 மில்லிமீட்டர் போதும்.

இனி பெடல். உங்கள் பயம் நியாயமானது. பூட்டும் பெடலை ரோடு பந்தயத்துக்குக் கொண்டுவந்தது லுக் நிறுவனம், 1984-இல். பனிச்சறுக்குப் பலகையில் ஷூவைப் பூட்டும் பொறியைச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கால் விடுபடும். அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். ஷூவின் அடியில் மாட்டி பெடலில் பூட்டும் துண்டுக்குக் கிளீட் என்று பெயர்; கடையில் உங்களுக்குக் காட்டும் மூன்று போல்ட் கிளீட் அந்தப் பரம்பரை. அகலமான பிளாஸ்டிக் துண்டு, ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பெடலில் ஒரு பக்கம்தான் பூட்டும். அதை மாட்டிக்கொண்டு டீக்கடை வரை நடந்தாலே வழுக்கும், தேயும்.

மலையில் சிக்கல் வருவது நின்று கிளம்பும்போதுதான். வளைவில் பஸ் வந்து நீங்கள் ஓரம்கட்டி நின்றுவிட்டால், 10 சதவீத ஏற்றத்தில் ஒரு மிதியில் சைக்கிளை நகர்த்தி, அடுத்த மிதிக்குள் மற்ற காலையும் பெடலில் வைத்தாக வேண்டும். ஒரு பக்கப் பெடல் அந்த நேரத்தில் தலைகீழாகத் திரும்பியிருந்தால் கால் தடுமாறும். ஆகவே உங்களுக்கு ஷிமானோவின் எஸ்பிடி, இரண்டு போல்ட் வகை. கிளீட் சின்ன இரும்புத் துண்டு, ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும், நடக்கலாம். இரண்டு பக்கமும் பூட்டும் எம்520 மாதிரி ஒன்று போதும். சற்று எடைதான், பரவாயில்லை. பெடலோடு வரும் கிளீட் பெரும்பாலும் எஸ்எச்51. எஸ்எச்56 என்று கேட்டு வாங்கினால் அது பல திசையிலும் கழன்றுகொள்ளும், ஆரம்பத்தில் தைரியம் தரும்.

பூட்டிய பெடல் இருந்தால் காலை மேலே இழுத்து ஏறலாம், அதனால் பலம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அதற்காக வாங்காதீர்கள், உட்கார்ந்து ஏறும்போது வேலை முழுக்க கீழே அழுத்துவதில்தான் நடக்கிறது. கால் ஒரே இடத்தில் நிற்பதும், மேடுபள்ளத்தில் பெடலிலிருந்து நழுவாததும்தான் லாபம்.

பெடல் மாட்டும்போது இடதுபக்க மரை எதிர்த்திசையில் முறுகும் என்பதை நினைவில் வையுங்கள். பூட்டின் இறுக்கத்தைக் குறைக்கும் திருகு பெடலிலேயே இருக்கிறது. கடைசி வரை தளர்த்திக்கொள்ளுங்கள். முதல் வாரம் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு காலையும் ஐம்பது தடவை பூட்டிக் கழற்றுங்கள். அடுத்து காலி மைதானம், அதன் பிறகே சாலை. நிற்பதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். நின்ற பின் கழற்றப் பார்ப்பவர்கள்தான் விழுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறிப் பாருங்கள். நீளமான ஏற்றம், ஆனால் கல்லட்டி அளவுக்குச் செங்குத்து கிடையாது. வழியில் வேண்டுமென்றே ஐந்து வளைவில் நின்று, அந்த ஏற்றத்திலேயே மறுபடி கிளம்பிப் பழகுங்கள். ஐந்திலும் தடுமாறாமல் கிளம்பிவிட்டால் கல்லட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்.