குழு விவாதப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: பொறியியல் முடித்த என் மகள் மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதினாள். சில மேலாண்மைக் கல்லூரிகளிலிருந்து அடுத்த கட்டத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் உள்ள பயிற்சி நிலையம் ஒன்று குழு விவாதத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் சேர்த்து 22,000 ரூபாய் கேட்கிறது. ‘இடம் உறுதி’ என்கிறார்கள். இந்த வாரமே கட்டினால் 4,000 ரூபாய் தள்ளுபடியாம். பிளஸ் 2 வரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால் ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறாள். கட்டலாமா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: இந்த வாரம் கட்ட வேண்டாம். முதலில் மகளுக்கு வந்த அழைப்புக் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லூரியும் என்னென்ன சுற்றுகள் நடத்துகிறது என்று பாருங்கள். குழு விவாதம் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. ஆமதாபாத், பெங்களூரு ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) அதைக் கைவிட்டு, எழுத்துத் திறன் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சிம்பயாசிஸ் கல்லூரிகள் சிலவற்றில், கொடுத்த பணியைக் குழுவாகச் சேர்ந்து செய்யும் ‘குழுப் பயிற்சி’ என்ற சுற்று உண்டு. மும்பை எஸ்.பி. ஜெயின் நிறுவனம் நடத்துவது, சிலரை ஒன்றாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் குழு நேர்முகம். அதற்குத் தயாராகும் விதமே வேறு. நடைமுறை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், பயிற்சி நிலையத்தின் துண்டுப் பிரசுரத்தை நம்பாமல் கடிதத்தையே நம்புங்கள். குழு விவாதமே இல்லாத கல்லூரிகளாக இருந்தால், நீங்கள் கட்டும் தொகையில் ஒரு பகுதி வீண்.

கடிதத்தில் குழு விவாதம் இருந்தால், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். சென்ற ஆண்டு உறவினர் வீட்டுப் பையனுக்காக ஒரு நிலையத்தின் மாதிரி வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் 24 பேர். நேரம் 15 நிமிடம். கணக்குப் போட்டால் ஆளுக்கு 40 நொடிகூட வராது. சுவரோரம் இருந்த ஒரு பெண் மூன்று முறை பேச வாயெடுத்து, மூன்று முறையும் மற்றவர்களின் சத்தத்தில் அடங்கிப்போனாள். அவள் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்த கருத்து கடைசிவரை அவையேறவில்லை. முடிவில் அவளுக்குக் கிடைத்த ஆலோசனை, ‘இன்னும் தைரியமாகப் பேசு’ என்பதுதான். அதே 15 நிமிடத்துக்கு எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் அளவுக்குக் கிடைத்திருக்கும். எனவே குழுவில் எத்தனை பேர், மொத்தம் எத்தனை சுற்றுகள், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் உங்கள் மகளைப் பற்றித் தனியாக எழுதித் தருவார்களா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வெறும் விரிவுரைகளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஆங்கிலத் தயக்கத்தைப் பற்றிய கவலை புரிகிறது. அந்தப் பயத்தை வைத்துத்தான் பல பயிற்சித் தொகுப்புகள் விற்கப்படுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தேர்வாளர்கள் கவனிப்பது சொல்லலங்காரத்தை அல்ல. பேச்சில் விஷயம் இருக்கிறதா, மற்றவர் சொன்னதைக் காதில் வாங்கி அதன்மேல் கட்டிப் பேசுகிறாரா என்பதைத்தான். தமிழ்நாட்டில் 2021 முதல் பெண்கள் நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்களே, அது நலத்திட்டமா, வீண் செலவா என்று ஒரு தலைப்பு வந்தால், அந்தப் பேருந்தில் தினமும் வேலைக்குப் போகும் பெண்களைக் கண்ணால் பார்த்த உங்கள் மகளால், அந்த மிச்சப் பணம் வீட்டில் எதற்குப் போகிறது என்பதையும், போக்குவரத்துக் கழகத்துக்கு ஏற்படும் இழப்பை அரசு ஈடுகட்ட வேண்டியிருப்பதையும் நான்கு சிறிய ஆங்கில வாக்கியங்களில் சொல்ல முடியும். கல்லூரித் தோழர்கள் ஆறேழு பேரைச் சேர்த்து, அன்றைய நாளிதழின் தலையங்கத்தையே தலைப்பாக வைத்து, கைப்பேசியில் பதிவு செய்து பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவைத் திரும்பக் கேட்டால், எங்கே குறுக்கிட்டோம், எங்கே சொன்னதையே சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

‘இடம் உறுதி’ என்ற பேச்சுக்கு வருகிறேன். சேர்க்கையை முடிவு செய்வது கல்லூரி. அதற்கு உறுதி தரும் அதிகாரம் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், பயிற்சி நிலையங்கள் இப்படிச் சேர்க்கைக்கு உறுதியளித்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. வெற்றி பெற்றவர்களின் படத்தைப் போட்டால் அவர்கள் அந்த நிலையத்தின் எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தார்கள், அது கட்டணப் பயிற்சியா என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அப்படியும் சேர்க்க முடிவு செய்தால், 22,000 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்குமா, இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ‘இடம் உறுதி’ என்று வாய்வழியாகச் சொன்னவரிடம் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அனுப்பினால் துண்டுப் பிரசுரத்தோடு பத்திரப்படுத்துங்கள். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கும்போது அவைதான் உங்கள் ஆதாரம். அனுப்ப மறுத்தால், அந்த நிலையத்தில் பணம் கட்ட வேண்டாம்.