மலைக்கு எடுத்த வகிடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் மகனின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு பிள்ளைகளின் வாழ்க்கையில் ஒரு ‘வாட்டர்ஷெட்’ என்று முதல்வர் சொன்னார். அந்தச் சொல் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அகராதியில் திருப்புமுனை என்று போட்டிருக்கிறது. “தண்ணிக்கு எதுக்கும்மா ஷெட்டு?” என்று மகள் சிரிக்கிறாள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் சரியான சொல் எது? மைல்கல் என்பதும் இதுவும் ஒன்றுதானா?

முடிவுகள் வந்துவிட்டன. நான்கு பாடங்களின் அடைவுநிலைகளைக் கூட்டிய எண் குறைவாக இருந்தால்தான் நல்லது என்பது உங்களுக்குத் தெரியும். மகளுக்கு அவள் எழுதிய ஆண்டில் 9 வந்தது. பையனுக்கு 23. ஆங்கிலம் 6, கணிதம் 7, அறிவியல் 6, தமிழ் 4. வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. தமிழ் டியூஷனை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் கணிதத்துக்குப் போடலாம் என்றிருக்கிறோம். அது வேறு விஷயம். நீங்கள் சொல்லைப் பற்றி எழுதுங்கள்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்த பிறகு சொல்லாராய்ச்சி செய்ய மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். அம்மாவின் அலமாரியில் தம்பியின் பழைய பள்ளி அறிக்கைப் புத்தகம் ஒன்று கிடைத்ததிலிருந்து எனக்கும் இதே நினைப்புதான். அதனால் எழுதுகிறேன்.

மகளிடம் சொல்லுங்கள், அது கார் நிறுத்தும் ஷெட் இல்லை. கொட்டகையைக் குறிக்கும் ஷெட், நிழல் என்று பொருள்படும் ஷேட் என்ற சொல்லின் உறவுக்காரன் என்பார்கள். வாட்டர்ஷெட்டில் இருப்பது வேறொரு பழைய ஆங்கிலச் சொல். பிரிப்பது என்று பொருள். ஜெர்மன்காரர்கள் பிரிப்பதை ஷைடன் என்பார்கள். இரண்டு ஆறுகளின் நீரைப் பிரிக்கும் மலைமுகட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் வாஸர்ஷைட. அதை ஒட்டித்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வாட்டர்ஷெட் வந்தது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தலைமுடியை இரண்டாகப் பிரிக்கும் கோட்டையும் பழைய ஆங்கிலத்தில் ஷெட் என்றே சொல்லியிருக்கிறார்கள். நம்மிடம் வகு, வகுத்தல், வகிடு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. மலைக்கு எடுத்த வகிடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தால் பளிச்சென்று புரியும். கோதாவரி பிறக்கும் திரியம்பகத்திலிருந்து அரபிக்கடல் சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் மலையின் கிழக்குச் சரிவில் பிறந்துவிட்டதால் அது 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலுக்குப் போகிறது. காவிரிக்கும் அதே கதை. குடகில் பக்கத்திலேயே ஒரு கடல் இருக்க, 800 கிலோமீட்டர் நடந்து பூம்புகாருக்கு வருகிறாள். நம் சிங்கப்பூர்த் தீவிலும் சின்ன அளவில் இது உண்டு. நடுவிலுள்ள மேடுகளில் பெய்யும் மழையில் ஒரு பங்கு காலாங் ஆற்றோடு தெற்கே இறங்கும், இன்னொரு பங்கு கிராஞ்சி, சிலேத்தார் பக்கம் போகும்.

மலையிலிருந்து இந்தச் சொல் காலத்துக்கு எப்படித் தாவியது? அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1878இல் நள்ளிரவைக் காலத்தின் வாட்டர்ஷெட் என்று எழுதினார். நேற்றும் நாளையும் அங்கிருந்து இரண்டு ஓடைகளாகப் பிரிந்து போகின்றனவாம். அதற்கப்புறம் பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2011 பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சி அல்ஜுனிட் குழுத்தொகுதியை இழந்தபோது இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வாட்டர்ஷெட் என்றுதான் பேச்சு. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள் தொடங்கும் இரவு 9 மணிக்கும் அதே பெயர். அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பிரிக்கும் முகட்டுக்கு வைத்த பெயரை மழைநீர் வந்து சேரும் மொத்த நிலப்பரப்புக்கும் வைத்துவிட்டார்கள். தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. முகட்டுக்கு நீர்ப்பிரிமேடு, நிலத்துக்கு நீர்வடிப்பகுதி. மைல்கல் வேறு. மைல்கல்லைத் தாண்டினாலும் அதே சாலைதான். விடுங்கள்.

உங்கள் அகராதி திருப்புமுனை என்று போட்டதுதான் எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. திருப்புமுனையில் ஒருவன் நடந்துவந்து வேறு பக்கம் திரும்புகிறான். நீர்ப்பிரிமேட்டில் யாரும் திரும்புவதில்லை. ஒரே மேகத்திலிருந்து பக்கத்துப் பக்கத்தில் விழுந்த இரண்டு துளிகள் ஆளுக்கொரு சரிவில் இறங்கிப் போகின்றன. பிரிவதற்குத் துணையாக இன்னொருவர் வேண்டும். ஆகவே உங்கள் பள்ளி முதல்வர், தெரிந்தோ தெரியாமலோ, உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பிரிப்பதுதான் அந்தத் தேர்வின் வேலை. பள்ளி பிரிப்பதைப் பற்றி நான் பெரிதாகப் புலம்பப் போவதில்லை. வீடு பிரிப்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

என் தம்பி எனக்கு மூன்று வயது இளையவன். தெலுக் பிளாங்காவில் மூவறை வீவக வீடு, அரசாங்க அடுக்குமாடி. அம்மா ராத்திரி சமையலை முடித்துவிட்டுத் தரையில் தமிழ் முரசை விரித்துவைத்து, எங்கள் இருவரையும் தலைப்புச் செய்திகளை உரக்கப் படிக்கச் சொல்வார். அவன் என்னைவிட வேகமாகப் படிப்பான், பாதியை ஊகித்து. விளையாட்டுப் பக்கம் வந்தால் எனக்கு விடவே மாட்டான்.

அப்போதுதான் புதிய கல்வி முறை வந்திருந்தது. அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் கொடுத்த அறிக்கையின்படி தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே பிள்ளைகளைப் பிரித்தார்கள். சிலருக்கு ஆறு ஆண்டு இருமொழிப் படிப்பு, சிலருக்கு அதையே எட்டு ஆண்டில், மிச்சமிருந்தவர்களுக்கு ஒருமொழிப் பிரிவு. காரணம் இல்லாமல் செய்யவில்லை. வீட்டில் பேசாத மொழிகளில் படித்துத் திணறி, எத்தனையோ பிள்ளைகள் பாதியிலேயே பள்ளியை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒன்பது வயது, சகோதரி.

தம்பிக்கு ஒருமொழிப் பிரிவு. கடிதம் வந்த அன்று வீட்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சில நாள் கழித்து அம்மா முரசை விரித்தபோது என்னை மட்டும் கூப்பிட்டார். “அவனுக்கு எதுக்குப் பாவம் இந்தச் சுமை, இங்கிலீஷாவது ஒழுங்கா வரட்டும்” என்றார். அன்பால் சொன்னதுதான். அவன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பழைய ரேடியோவைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலைப்புச் செய்தியை இனி தம்பி படிக்கக்கூடாது என்று அரசாங்கம் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லவில்லை. மேடு எழுப்பியது அவர்கள் என்றால், அவன் பக்கம் நீர் போகாமல் வாய்க்காலை அடைத்தது நாங்கள்.

அவன் நன்றாகத்தான் இருக்கிறான். தொழிற்பயிற்சி முடித்து லிஃப்ட் பராமரிக்கும் வேலைக்குப் போனான், இன்று என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான், பாசிர் ரிஸில் வீடு, இரண்டு பெண்கள். தயவுசெய்து அவனுக்காகப் பரிதாபப்பட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். ஆனால் எம்ஆர்டி நிலையத்தில் தமிழில் எழுதியிருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு அவன் தமிழ் நின்றுவிட்டது. நான் எழுதியது எதையும் அவன் படித்ததில்லை. அம்மா கடைசிக் காலத்தில் மருத்துவமனையிலிருந்து துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தனுப்பியதைக்கூட நான்தான் போனில் படித்துக் காட்டுவேன். என்னைப் பற்றி அதில் குறை எழுதியிருந்தால் அதையும் நானே படிக்க வேண்டும்!

இப்போது உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. தமிழில் அடைவுநிலை 4 என்றால் 75இலிருந்து 79 வரை மதிப்பெண். உங்கள் பையன் எடுத்த நான்கு பாடங்களில் அவன் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் அது. அதைத்தான் நிறுத்தப் போகிறீர்கள். என்ன கணக்கு இது? கணிதத்துக்கு உதவி தேவைதான், டியூஷன் வையுங்கள். அதற்கான பணத்தை ஏன் தமிழிலிருந்து எடுக்கிறீர்கள்? மூத்தவளுக்கு 9 வந்தது என்று கடிதத்தில் எதற்காகச் சேர்த்தீர்கள்? நான் கேட்கவில்லையே. கடிதத்தில் எழுதுகிற அம்மா வீட்டில் சொல்லாமலா இருப்பார்?

விதிகளையாவது பார்த்தீர்களா? 2024 முதல் உயர்நிலை ஒன்றில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவெல்லாம் கிடையாது. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலைகள், ஜி3தான் கடினமானது. 23க்குப் பெரும்பாலான பாடங்களை ஜி2 நிலையில் படிப்பான், சரி. ஆனால் பிஎஸ்எல்இயில் ஒரு பாடத்தில் அடைவுநிலை 5 அல்லது அதைவிட நன்றாக வாங்கியிருந்தால் அந்தப் பாடத்தை ஜி3 நிலையில் எடுக்கலாம். 4 வாங்கிய பையன் தமிழை ஜி3இல் படிக்கலாம், அவன் அக்கா படித்த அதே உயரத்தில். வகுப்பறையிலும் எல்லாரும் கலந்துதான் உட்காருவார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி போன்ற பாடங்களைச் சேர்ந்தே படிப்பார்கள். என் தம்பி காலத்தில் இப்படி ஒரு வாசல் இருந்ததில்லை.

அப்பா கம்பம் பள்ளத்தாக்குக்காரர். பெரியாறு இயல்பில் மேற்கே இறங்கி அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் அங்கே அணை கட்டி, நீர்ப்பிரிமேட்டையே குடைந்து சுரங்கம் போட்டு, 1895இல் அந்தத் தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் அவர் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பார்கள். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இன்றுவரை நடக்கும் அணைச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். மலையைத் துளைப்பதற்கே அந்தக் காலத்தில் ஆள் இருந்தார். உங்களுக்கு முன்னால் இருப்பது ஒரு படிவம், அவ்வளவுதான்.

அவன் சேரும் உயர்நிலைப் பள்ளியில் ஜி3 தமிழ் வேண்டும் என்று நீங்களே போய்க் கேளுங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் வாயால் கேட்கட்டும். டியூஷன் ஆசிரியருக்கு இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்கள் என்றால் இன்று ராத்திரியே போன் போட்டு வாபஸ் வாங்குங்கள். நல்ல தமிழ் ஆசிரியரிடம் டிசம்பரில் இடம் காலியாகக் கிடக்காது.