பிரெஞ்சு கயானா காட்டு ஊரில் குடியேற்றம்: புதுச்சேரி, கடலூர் வாசகர்களுக்குப் பதில்கள்

பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் பாரிஸுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தென்னமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவும் பிரான்ஸ்தான், யூரோதான் செலாவணி. அங்கே காட்டுக்குள் இருக்கும் சாயூல் மாதிரி சின்ன ஊர்களைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

லாஸ்பேட்டை வாசகர்: சாயூல் எவ்வளவு பெரிய ஊர் சார்? எப்படிப் போய்ச் சேர்வது?

சுமார் 150 பேர். கயானா மொத்தமும் 84,000 சதுர கி.மீ., தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. மக்கள் 3 லட்சம் பேர்தான், அதிலும் பெரும்பாலோர் கடலோரத்தில். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து கயானாவின் தலைநகர் கயேனுக்கு 9 மணி நேரம். அங்கிருந்து சாயூலுக்குச் சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்கரையிலிருந்து அந்த ஊருக்கு ரோடு கிடையாது.

இங்கே வாழ்க்கையை முடிவு பண்ணுவது எடைதான். சின்ன விமானத்தில் ஆளுக்கு 10 கிலோ அளவில்தான் பை. மற்றதெல்லாம் சரக்காக, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கட்டி வர வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு நாளுக்கு ஒரு கிலோ அரிசி என்றால் மாதம் 30 கிலோ. அதோடு பருப்பு, எண்ணெய், கேஸ், கூரைத் தகடு, ஆணி எல்லாவற்றையும் கிலோவாக மாற்றி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சம்பளம் கட்டுமா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். மழை, மூடுபனி என்றால் விமானம் ரத்தாகும். அதனால் வீட்டில் மூன்று வாரச் சரக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

மரோனி ஆற்றோர ஊர்களான மரிப்பசூலா, பாப்பாயிஷ்தோன் பக்கம் படகில் சரக்கு வரும், கூலி குறைவு. ஆனால் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஆறு இறங்கினால் பாறை நிறைந்த இடங்களில் படகு மாட்டிக்கொள்ளும். 2024 வறட்சியில் மரோனி ஆற்றின் மேல்பக்க ஊர்களில் தட்டுப்பாடே வந்தது.

நெல்லித்தோப்பு வாசகி: என்னென்ன ஊசி போட வேண்டும் அக்கா?

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் போதும். அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: கயானாவிலிருந்து நேராக இந்தியா திரும்பும்போதும் அதே அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஏர்போர்ட்டிலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பாஸ்போர்ட் உறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 9 மாதத்துக்குக் கீழ் குழந்தை, 60 தாண்டிய பெரியவர், முட்டை ஒவ்வாமை உள்ளவர் எல்லாம் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கிளம்பும் முன் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை. உள்காட்டு மலேரியாவில் விவாக்ஸ் வகை அதிகம். அது கல்லீரலில் பதுங்கி மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். அதை வேரறுக்க பிரிமாகுவின் வேண்டும். ஜி6பிடி குறைபாடு உள்ளவருக்கு அந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

பண்ருட்டி வாசகர்: மாமியார் வீடு பிரெஞ்சு நேஷனாலிட்டி. எனக்கு முந்திரி, பலா தெரியும். அங்கே போட்டால் எடுபடுமா அண்ணா?

மண்ணைப் பார்த்தால் பண்ருட்டிச் செம்மண் மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். காட்டின் சத்தெல்லாம் மரத்திலும் சருகிலும்தான், மண்ணில் இல்லை. வெட்டி எரித்த சாம்பல் இரண்டு மூன்று போகம் தாங்கும், பிறகு மழை கரைத்துக்கொண்டு போய்விடும். புளிப்பு மண் வேறு. அதைச் சரிபண்ண சென்ட்டுக்கு 10 கிலோ சுண்ணாம்பு என்று வைத்தாலும் அதுவும் விமானத்தில்தான் வர வேண்டும். அதனால்தான் அங்குள்ளவர்கள் நிலத்தை வருடக்கணக்கில் தரிசு போட்டு இடம் மாற்றுகிறார்கள்.

முந்திரிக்குப் பூக்கும்போது வறண்ட காற்று வேண்டும். டிசம்பர் முதல் ஜூலை வரை மழை, நடுவில் மார்ச்சில் கொஞ்சம் ஓய்வு. பூத்த கொத்தில் ஈரம் நின்றால் ஆந்த்ராக்னோஸ் என்கிற பூஞ்சை நோய் வந்து கருகி உதிரும். வீட்டுக்கு நாலு மரம் வைக்கலாம், வியாபாரத்துக்கு வேண்டாம். பலா நன்றாக வரும். ஆனால் 150 பேருக்கு எத்தனை பலா விற்பீர்கள்? 1977-இல் வந்து கக்காவோ ஊரில் குடியேறிய, லாவோஸ் அகதிகளான ஹ்மோங் மக்கள் கயேனுக்குக் காய்கறி விற்று முன்னுக்கு வந்தது உண்மை. அவர்களுக்கு ரோடு இருந்தது.

காட்டு ஊரில் வயிற்றை நிரப்புவது மரவள்ளி. அங்கே போடுவது பெரும்பாலும் கசப்பு வகை, நம்மைப் போல வேகவைத்துச் சாப்பிட்டால் சயனைடு விஷம். தோல் சீவி, துருவி, பின்னிய நீளக் குழாயில் அடைத்துத் தொங்கவிட்டு, அடிமுனையைக் கழியால் இழுத்துப் பிழிவார்கள். பிழிந்ததைச் சலித்து, அகன்ற இரும்புத் தட்டில் விடாமல் கிளறி வறுத்தால் ‘குவாக்’, ரவை மாதிரி இருக்கும், மாதக்கணக்கில் கெடாது. பிழிந்த சாற்றைக் கோழி, நாய் எட்டாத இடத்தில் கொட்ட வேண்டும்.

எதிரி இலைவெட்டி எறும்பு. ஒரே ராத்திரியில் ஒரு எலுமிச்சை மரத்தை மொட்டையடித்துவிடும். புற்று பல அடி ஆழம், வெந்நீர் ஊற்றினால் மேலே உள்ளதுதான் சாகும். நடும் முன் ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றுங்கள். துடைத்துவிட்ட பாதையில் இலை தூக்கிக்கொண்டு வரிசை போவது தெரியும். அது முடியும் இடத்தில் புற்று இருக்கும், அங்கிருந்து தள்ளி நடுங்கள்.

வில்லியனூர் வாசகர்: நிலம் சும்மா கிடக்கிறதாமே, வளைத்துப் போடலாமா?

முடியாது. நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அரசாங்கச் சொத்து. விவசாயத்துக்கு விண்ணப்பித்துக் குத்தகையாக வாங்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். சாயூலைச் சுற்றி 2007-இல் அமைந்த அமேசான் தேசியப் பூங்கா, 34 லட்சம் ஹெக்டேர். அதன் மையப் பகுதியில் காட்டை வெட்டக் கூடாது. தங்கம் சலிக்கலாமா என்று கேட்ட இருவருக்கும் சேர்த்து: கூடாது.

முத்தியால்பேட்டை வாசகி: நான் பி.எஸ்சி. நர்சிங், வீட்டுக்காரர் டிகிரி. வேலை கிடைக்குமா?

இந்திய நர்சிங் பட்டம் பிரான்சில் நேரடியாகச் செல்லாது. தேர்வு எழுதி அங்கே மறுபடி படிக்க வேண்டும். அதை முடித்தால் உள்ளூர்ச் சுகாதார நிலையங்களில் ஆள் தேவை நிறைய. வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சு சரளமாக இருந்தால் ஒப்பந்த ஆசிரியர் வேலைக்கு முயலலாம். மூன்று வருடப் பட்டம் வேண்டும், அரசு ஊழியருக்கு விலைவாசிப்படி 40 சதவீதம் கூடுதல். சாயூலில் இருப்பதோ சின்ன ஆரம்பப் பள்ளி. மேரி (நகராட்சி) ஆபீஸ், பூங்கா, விடுதி எல்லாம் சேர்த்தாலும் வேலைகளை விரல்விட்டு எண்ணலாம். உத்தரவு கையில் வாங்கிக்கொண்டு போங்கள். போய்த் தேடலாம் என்று கிளம்பாதீர்கள். பிள்ளைகள் ஆறாவதுக்குக் கடற்கரைக்குப் போய்த் தங்கித்தான் படிக்க வேண்டும். எனவே பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கயேனிலேயே இருப்பதுதான் என் யோசனை.

அரியாங்குப்பம் வாசகர்: கரண்ட், தண்ணீர்?

ஊருக்குள் டீசல், சோலார். ஊருக்கு வெளியே வீடு என்றால் சொந்த சோலார். சின்ன பிரிட்ஜ், ஃபேன், விளக்கு, லேப்டாப் சேர்ந்து நாளுக்கு 2 யூனிட். மழைக்காலத்தில் நல்ல வெயில் 3 மணி நேரம் என்று வைத்தால் 1 கிலோவாட் பேனல், 24 வோல்ட் 200 ஏ.எச். லித்தியம் பேட்டரி, இரண்டு நாள் தாங்கும். பேனலை 10 டிகிரிக்குக் குறையாமல் சாய்க்காவிட்டால் பாசி பிடிக்கும். இன்வெர்ட்டர் ஓட்டைகளுக்கு வலை போடுங்கள், எறும்பு கூடு கட்டி ஷார்ட் ஆகும்.

50 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மி.மீ. மழைக்கு 400 லிட்டர் சேரும். முதல் தண்ணீரை வெளியே விடுங்கள், தொட்டி வாயில் கொசுவலை, குடிக்கக் கொதிக்கவைத்தது.

கடலூர் ஓ.டி. வாசகர்: என்னிடம் இந்திய பாஸ்போர்ட். ஷெங்கன் விசா போதுமா?

போதாது. கயானா ஷெங்கனில் சேராது. கடல்கடந்த மாவட்டங்களுக்கான விசா தனி, விண்ணப்பத்திலேயே கயானா என்று எழுதிக் கேட்க வேண்டும். மனைவி பிரெஞ்சுக்காரர் என்றால் வாழ்க்கைத்துணை விசா. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை தெரிவு செய்ய ஆறு மாதம் கொடுத்ததும் பிரெஞ்சுப் பகுதியில் பிறந்தவர்களுக்குத்தான், கடலூருக்கு இல்லை.

காலாப்பட்டு வாசகி: பாம்பு, மீன் பற்றிச் சொல்லுங்கள்.

அதிகம் கடிப்பது ‘கிராஜ்’ என்கிற குழிவிரியன். நம் ஊர் விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் படுக்கவைத்து சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள், ஹெலிகாப்டரில் கயேன் கொண்டுபோவார்கள். முழங்கால் பூட்ஸும் டார்ச்சும் இல்லாமல் இருட்டில் இறங்க வேண்டாம். வலியில்லாத புண், ஓரம் தடித்து மூன்று வாரமாக ஆறவில்லையென்றால் மணல் ஈயால் வரும் லீஷ்மேனியா என்கிற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். களிம்பு போட்டுக் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

மீனில் பாதரசம்தான் கவலை, திருட்டுத் தங்கச் சுரங்கங்களால் ஆறுகளில் கலக்கிறது. ‘அய்மரா’ போன்ற மற்ற மீனைத் தின்னும் பெரிய மீன்களில் அதிகம் சேரும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அதைத் தொடக் கூடாது. இலை, பழம் தின்னும் ‘குமாரு’ வாங்குங்கள், குழம்புக்கும் அது நன்றாக இருக்கும். புளியை மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள், ஒரு கிலோ பல மாதம் வரும்.