கர்த்தர் மன்னித்துவிட்டார், கழித்த கிலோவுக்குப் பணம் கொடுக்கணுமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரும் ஒரு முஸ்லிம் நண்பரும் கூட்டாகச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறார்கள். மழை மாதங்களில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று நியாயமாகக் கழிக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் கழித்திருக்கிறார்கள், சில வருடங்களாகவே. இப்போது பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் ஜும்ஆ பயான் (பிரசங்கம்) கேட்டுவிட்டு வந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆகணும் என்கிறார். வாசகரோ, "நான் அறிக்கை செய்து ஜெபித்துவிட்டேன், இயேசு என் பாவத்தைச் சிலுவையில் சுமந்து தீர்த்துவிட்டார், அப்புறம் நான் எதற்குக் கட்ட வேண்டும்?" என்கிறார். பேச்சு முற்றி, "உங்க மார்க்கம் ரொம்ப சுலபம்" என்று அவரும், "உங்களுது வெறும் கணக்கு நோட்டு" என்று இவரும் சொல்லிக்கொண்டாயிற்று. யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

பணத்தைக் கொடுங்கள். இந்த விஷயத்தில் பாய் சொல்வதுதான் சரி, உங்கள் வேதத்தின்படியும் அதுதான் சரி.

ஆனால் நீங்கள் இருவரும் ஒருவர் மார்க்கத்தை இன்னொருவர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கிறிஸ்தவப் பார்வையில் பாவம் நாம் செய்யும் செயலோடு நிற்பதில்லை, ஆதாம் விழுந்ததிலிருந்து மனித சுபாவமே கெட்டுக் கிடக்கிறது, அதனால் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள ஒருவனாலும் முடியாது, கடவுளே இறங்கி வர வேண்டியிருந்தது. "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று ரோமர் 6:23 சொல்லும்போது அந்தச் சம்பளத்தை இயேசு வாங்கிக்கொண்டார் என்பதுதான் நற்செய்தி. இஸ்லாத்தில் இந்தத் தொடக்கமே வேறு. ஆதம் மன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் (குர்ஆன் 2:37), அதோடு அது முடிந்தது. குழந்தை பிறக்கும்போது பாவமில்லாமல் பிறக்கிறது, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் (6:164). இயேசுவின் சிலுவை மரணத்தையே குர்ஆன் 4:157 மறுக்கிறது. ஆகவே "எனக்காக ஒருவர் சுமந்தார்" என்று நீங்கள் சொல்லும்போது பாய்க்கு அது ஒட்டாமல் போவது பிடிவாதத்தால் இல்லை, அவருடைய நம்பிக்கையின் அடித்தளமே அங்கேதான் வேறாகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சமாதானத்துக்காகப் பூசி மெழுக வேண்டாம்.

சரி, கணக்கு நோட்டு? மறுமையில் தராசு உண்டு என்று குர்ஆன் சொல்வது உண்மை, அணுவளவு நன்மையும் தீமையும் அங்கே தெரியவரும் (99:7-8). ஆனால் யாருடைய செயலும் அவரைச் சொர்க்கத்தில் சேர்க்காது, அல்லாஹ்வின் அருள் அவரைப் போர்த்திக்கொண்டால்தான் உண்டு, எனக்கும் அப்படித்தான் என்று நபிகள் சொன்னதாக புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. சுன்னி அறிஞர்களின் பொதுவான கருத்துப்படி, பாவியான முஸ்லிம் நரகத்துக்குப் போனாலும் ஈமான் (இறைநம்பிக்கை) இருந்தால் ஒருநாள் வெளியே வந்துவிடுவார். அல்லாஹ்வுக்கு இன்னொன்றை இணை வைத்தபடியே இறந்தவருக்குத்தான் மன்னிப்பில்லை (4:48). "நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன்" என்று நீங்கள் உறுதியாகச் சொல்வது அவர் காதுக்குத் துணிச்சலாகக் கேட்கும், அவர் பயமும் ஆசையுமாக "இன்ஷா அல்லாஹ்" என்பது உங்களுக்குத் தள்ளாட்டமாகத் தெரியும். இரண்டிலுமே கருணையை நம்பித்தான் ஆள் நிற்கிறார்.

இனி தேயிலைக்கு வருவோம். தவ்பாவுக்கு, அதாவது மனம் திரும்பி மன்னிப்புக் கேட்பதற்கு, இஸ்லாமிய அறிஞர்கள் சொல்லும் நிபந்தனைகள் பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுப்பது, அடுத்தவர் உரிமை பறிபோயிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது. பாய் அசையாமல் நிற்பது இந்தக் கடைசியில்தான். முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸ் அவரைத் தூங்கவிடாது என்று நினைக்கிறேன்: தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் கொண்டுவந்த ஒருவர், இவருடைய காசைத் தின்றார், அவரை அடித்தார் என்பதற்காகத் தன் நன்மைகளை எல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதுவும் போதாமல் அவர்கள் பாவத்தையும் வாங்கிக்கொண்டு நரகத்தில் எறியப்படுவார், அவர்தான் உண்மையில் திவாலானவர் என்று நபிகள் சொன்னார்கள். குர்ஆனின் 83-வது அத்தியாயம் தொடங்குவதே அளவில் மோசம் செய்பவர்களுக்குக் கேடு என்றுதான்.

உங்கள் பக்கம் பாருங்கள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிறது நீதிமொழிகள் 11:1. லேவியராகமம் 6-ல் ஏமாற்றி எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உடையவனிடம் கொடுத்த பிறகே பலி. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்றவர் இயேசு (மத்தேயு 5:23-24). வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது. அவர் பணம் கொடுத்து இரட்சிப்பை வாங்கவில்லை, மனம் திரும்பியது பணத்தில் தெரிந்தது. கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று ரோமர் 6-ல் பவுல் கேட்டு, கூடாது என்று அவரே பதில் சொல்லிவிட்டார். கத்தோலிக்கராக இருந்தாலும் இதேதான், பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் மன்னிப்பு வழங்கினாலும் திருடியதைத் திருப்பித் தரும் கடமை போய்விடாது. சிலுவை தீர்த்தது கடவுளிடம் உங்களுக்கு இருந்த கடனை, விவசாயியிடம் நீங்கள் எடுத்த காசு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பழைய எடைச் சீட்டுகளை எடுங்கள், கிடைக்காத மாதங்களுக்கு உங்களுக்குச் சாதகமில்லாத மதிப்பீடாகப் போடுங்கள், அன்றைய விலையில் கணக்குப் பார்த்து ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். இறந்தவர்களுக்கு அவர்கள் வாரிசிடம் கொடுங்கள். ஆளே கிடைக்கவில்லையென்றால் அவர் பெயரில் ஏழைக்குக் கொடுக்கலாம் என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர் வழிகாட்டுகிறார்கள், நீங்களும் அதையே செய்யலாம். பாய் மொத்தத்தையும் தான் கட்டுகிறேன் என்று வந்தாலும் விடாதீர்கள், பாதி உங்களுடையது. ஒரே நாளில் எல்லாருக்கும் கொடுக்கக் கையில் பணம் இல்லாவிட்டால் அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் முதலில் போங்கள், ரெண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.